சூரியக் கொரோனாவின் அடர்த்தியும் வெப்பநிலையும்: எந்த வழி எதற்குச் சரிப்படும்?

சூரியக் கொரோனாவின், அதாவது சூரியனின் வெளிப்புற வளிமண்டலத்தின், எலக்ட்ரான் அடர்த்தியை நிறமாலை வரிகளை (அயனிகள் குறிப்பிட்ட அலைநீளங்களில் உமிழும் ஒளியை) கொண்டு கணிக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன: ஒரே அயனியின் இரு வரிகளுடைய ஒளிச்செறிவுகளை வகுப்பது, அல்லது ஒரே வரியின் மொத்தச் செறிவிலிருந்து கணக்குப் போடுவது. என் ஓட்டு முதலாவதற்கே.

ஹினோடே விண்கலம் (2006) பதிவுசெய்யும் இரும்பு-13, அதாவது 12 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு, நல்ல உதாரணம். 202.04 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) வரி தரைநிலையை, அதாவது அயனியின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையை, நம்பியிருக்கிறது. 203.82 வரியோ அதற்குச் சற்று மேலே, எளிதில் காலியாகாத ஒரு நிலையை நம்பியிருக்கிறது. அடர்த்தி கூடக்கூட மோதல்களால் அந்த நிலை நிரம்பும், 203.82 ஓங்கும். வகுக்கும்போது இரும்பின் அளவும் அயனிப் பங்கும் அடிபட்டுப் போகின்றன. ஒரே தலைவலி, 203.82-இன் தோளில் இரும்பு-12-இன் 203.72 வரி ஒட்டிக்கொண்டிருப்பதுதான். அதைப் பிரிக்காமல் வகுத்தால் அடர்த்தி கூடுதலாக வரும்.

மொத்தச் செறிவோ அடர்த்தியின் வர்க்கத்தையும் பார்வைக் கோட்டின் ஆழத்தையும் சேர்த்தே காட்டுகிறது. ஆழத்தை ஊகிக்க வேண்டும். காந்த வளையம் முழுக்க பிளாஸ்மா (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த சூடான வாயு) என்று எடுத்துக்கொண்டு, உண்மையில் பத்தில் ஒரு பங்கே நிரம்பியிருந்தால், விடை மூன்று மடங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆனாலும் தூக்கிப் போட வேண்டாம்: இரண்டு விடைகளையும் ஒப்பிட்டால் அந்த நிரம்பல் விகிதமே கையில் கிடைக்கும்.

வெப்பநிலைக்கு வழக்கமாக எடுப்பது வெவ்வேறு அயனிகளின் வரிச் செறிவு விகிதம். அயனியாக்கச் சமநிலையையும் (அயனிகள் எலக்ட்ரானை இழப்பதும் திரும்பப் பெறுவதும் சமமாக இருப்பதையும்) ஒற்றை வெப்பநிலையையும் அது முன்கூட்டியே நம்பிவிடுகிறது. பிளாஸ்மா எப்படிக் கலந்திருந்தாலும் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும், அதுதான் ஆபத்து. நாசாவின் எஸ்டிஓ சூரிய ஆய்வு விண்கலத்தின் (2010) ஆறு இரும்பு வடிகட்டிப் படங்களிலிருந்து வெப்பநிலைப் பரவலையே, அதாவது எந்த வெப்பநிலையில் எவ்வளவு பிளாஸ்மா என்ற வளைவையே, மீட்கலாம். ஆனால் கொஞ்சம் இரைச்சல் மாறினாலும் வளைவு வேறு வடிவம் எடுக்கும்; ஒரே தரவுக்குப் பல வளைவுகள் பொருந்தும்.

அதனால் முதலில் ஒவ்வொரு வரிக்கும், எந்த வெப்பநிலையில் எவ்வளவு பிளாஸ்மா இருந்தால் அந்தச் செறிவு வரும் என்று வளைகோடு வரைந்து பார்ப்பேன். அமைதியான பகுதியில், சூரிய வட்டின் விளிம்புக்கு மேலே, கோடுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வெட்டினால் விகிதமே போதும். செயல்மிகு (காந்தப்புலம் வலுவான) பகுதியில் கோடுகள் சிதறினால், அப்போது பரவல்.

இந்தியாவின் ஆதித்யா-எல்1 சூரிய விண்கலத்தில் கொரோனாவைப் பார்க்கும் விஈஎல்சி கருவி 530.3, 789.2, 1074.7 நானோமீட்டர் வரிகளைப் பார்க்கிறது. முறையே இரும்பு-14, 11, 13. மூன்றும் வெவ்வேறு அயனிகள், ஆக வெப்பநிலைக்கு உதவும். அடர்த்திக்கு வேண்டிய, 1074.7-இன் ஜோடியான இரும்பு-13 வரி 1079.8 அதில் இல்லை. ஹவாயின் மௌனா லோவா ஆய்வகக் கருவி இரண்டையும் பதிந்திருக்கிறது. அங்கேயும் ஒரு கவனம் தேவை: இந்த அகச்சிவப்பு வரிகளை மோதலோடு சூரிய மேற்பரப்பின் ஒளியும் தூண்டுகிறது, ஆகவே விளிம்பிலிருந்து உள்ள உயரத்தைச் சேர்க்காமல் விகிதத்தை அடர்த்தியாக மாற்ற முடியாது.