ஓ.ஆர். டாம்போ விமான நிலையம்: ஊழியக் குழுவோடு வந்து இறங்கத் தோதான இடமா?

ஒற்றைப் பெட்டியோடு தனியாக வருகிறவருக்குத் தென்னாப்பிரிக்காவில் ஜொகனஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ நல்ல விமான நிலையம். அறிவிப்புப் பலகைகள் தெளிவு, எல்லாம் நடக்கிற தூரத்தில். ஆனால் பன்னிரண்டு பேர், இருபது அட்டைப்பெட்டி, அதில் பாதி பழைய துணியும் மாத்திரையும் என்று கிறிஸ்தவ ஊழியத்துக்கு வருகிற சபைக் குழுவுக்கு அதே இடம் கறாரான வாத்தியார். பெட்டி கட்டும்போதே செய்துவிடுகிற பிழைகள்தான் இங்கே வந்து வெடிக்கின்றன. அதற்கு நிலையத்தைத் திட்டிப் பயனில்லை.

முதலில், இது உங்களுக்கான வாசல்தானா என்று பாருங்கள். பக்கத்து நாடுகளான லெசோத்தோ, எஸ்வாத்தினி, அல்லது லிம்போபோ, ம்புமலாங்கா மாகாணங்கள் பக்கம் ஊழியம் என்றால் ஆம். குவாசுலு-நட்டால் என்றால் வேண்டாம். 1860-இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் போய்ச் சேர்ந்த மாகாணம் அது. அங்குள்ள சபைகளோடு சேர்ந்து ஊழியம் செய்யப் போகிறவர்கள் வளைகுடா வழியாக டர்பன் கிங் ஷாகா நிலையத்துக்கே டிக்கெட் போடுவது நல்லது. ஜொகனஸ்பர்க்கில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடித்தால், பெட்டியில் டர்பன் என்றே சீட்டு ஒட்டியிருந்தாலும் இங்கே எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். குழுவுக்கு மூன்று மணி நேர இடைவெளியாவது தேவை. லுசாக்கா, லிலாங்வே போன்ற வெளிநாட்டு ஊர்களுக்கு ஒரே டிக்கெட்டில் தொடர்கிறவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை.

குடிவரவுப் பகுதிக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண். ஐரோப்பாவின் இரவு விமானங்கள் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்குவதால் அப்போது வரிசை நீளும். விசா, திரும்பும் டிக்கெட், அழைத்த சபையின் கடிதம் ஆகியவற்றை ஒவ்வொருவரும் கையில் வைத்திருக்க வேண்டும். கடிதத்தில் தங்கும் முகவரியும், அழைத்தால் எடுக்கக்கூடிய உள்ளூர் எண்ணும் இருக்கட்டும். எல்லாக் காகிதத்தையும் குழுத்தலைவர் பையில் வைப்பதுதான் வழக்கமான தவறு. அவர் ஒரு வரிசையில், மற்றவர்கள் இன்னொரு வரிசையில் மாட்டிக்கொள்வார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் விசா விண்ணப்பத்தில் எழுதியதையே சொல்லுங்கள். ஒருவர் 'சுற்றுலா', அடுத்தவர் 'ஊழியம்' என்றால் கேள்வி கூடும். 18 வயதுக்குக் குறைந்தவர் பெற்றோர் இல்லாமல் வந்தால் பிறப்புச் சான்றிதழும் இருவரின் சம்மதக் கடிதமும் அவசியம்.

முத்திரை விழுந்ததும் அதில் உள்ள தேதியை அங்கேயே படித்துப் பாருங்கள். அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால், 30 நாளுக்குள் என்றாலும் ஓராண்டுத் தடை. அதற்கு மேல் போனால் ஐந்தாண்டு.

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழில் பலர் குழம்புகிறார்கள். துபாய் அல்லது தோஹா வழியாக வந்தால் அது தேவையில்லை. அடிஸ் அபாபா, நைரோபி போன்ற நோய் அபாயமுள்ள நாட்டின் நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தேவை. மலிவு டிக்கெட் வாங்கும்போது இடைத்தங்கல் நேரத்தைப் பாருங்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுக்கப் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

ஊழியக் குழுக்கள் அதிகம் சறுக்குவது சுங்கத்தில். தானமாகக் கொடுக்கத்தானே கொண்டுவருகிறோம் என்ற நினைப்பு இங்கே செல்லாது. பழைய துணி இறக்குமதிக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளூர் ஆடைத் தொழிலைக் காக்க வைத்த விதி அது. மருந்து, சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவு, மருத்துவர் சீட்டோடு. மருத்துவ முகாமுக்கென்று பெட்டி பெட்டியாகக் கொண்டுவர நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் தேவை. நம் ஊர் மருத்துவரோ செவிலியரோ அங்கே பதிவு செய்யாமல் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்க முடியாது. துணியும் மாத்திரையும் வாங்கும் காசை அழைத்த சபைக்கு அனுப்பி அங்கேயே வாங்கச் சொல்வது எல்லோருக்கும் நிம்மதி. வேதாகமமும் அப்படித்தான்: சுலு, சோத்தோ மொழிகளில் தென்னாப்பிரிக்க வேதாகமச் சங்கமே விற்கிறது. கிலோக் கணக்கில் சுமந்து வர வேண்டாம்.

சந்தேகம் இருந்தால், பொருளை அறிவிக்க வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். பச்சையில் போய்ப் பிடிபட்டால் பொருளும் போகும், அபராதமும் விழும். பெட்டியைப் பிளாஸ்டிக் சுற்றியே அனுப்புங்கள். கேமராவும் லேப்டாப்பும் கைப்பையில்.

வெளிக்கூடத்தில் சிம் கார்டு வாங்கலாம். பாஸ்போர்ட்டோடு தங்குமிட முகவரியும் கேட்பார்கள், அது சட்டம். பணத்துக்கு மாற்றுக் கடையைவிடக் கட்டடத்துக்குள் இருக்கும் ஏடிஎம் நல்லது. தள்ளுவண்டியைப் பிடித்து 'நான் உதவுகிறேன்' என்று வருகிறவரிடம் நிலையத்தின் அடையாள அட்டை இல்லாவிட்டால், மரியாதையாக மறுத்துவிட்டு நடங்கள்.

கௌட்ரெய்ன் ரயில் பதினைந்து நிமிடத்தில் ஜொகனஸ்பர்க்கின் சாண்டன் பகுதிக்குக் கொண்டுபோய் விடும். சுத்தமான, நேரம் தவறாத ரயில்தான். ஆனால் குழுப் பெட்டிகளுக்கு அது லாயக்கில்லை, இரவில் ஓடுவதும் இல்லை. வேன் அமர்த்தினால் ஓட்டுநரோடு அமர்த்துங்கள். எல்லை தாண்டுவதாக இருந்தால் வாடகை நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதைப் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்காவிட்டால் எல்லையில் திருப்பி அனுப்புவார்கள்.

எஸ்வாத்தினி போகிறவர்கள் நேரக் கணக்கைக் கவனியுங்கள். தலைநகர் ம்பபானே சுமார் 350 கி.மீ., நாலு மணி நேர ஓட்டம். ஓஸ்ஹூக் எல்லை நள்ளிரவில் மூடும். மாலையில் இறங்கினால் நிலையத்தை ஒட்டிய கெம்ப்டன் பார்க்கில் ஒரு விடுதியில் தூங்கிவிட்டுக் காலையில் புறப்படுங்கள். விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போகும் சிறு விடுதிகள் அங்கே நிறைய உண்டு. லெசோத்தோவின் மசேரு பாலம் எல்லைச்சாவடி 24 மணி நேரமும் திறந்திருக்கும், ஆனாலும் இருட்டில் அந்த 400 கி.மீ. வேண்டாம். இன்னொரு பொறி: லெசோத்தோ நாலாபுறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்டது. அங்கே போய்விட்டு இந்த நிலையத்துக்கே திரும்ப, பலமுறை நுழையும் விசா தேவை. ஒருமுறை விசாவோடு போனால் திரும்பும் வழி அடைபடும். தென்னாப்பிரிக்கப் பணமான ராண்ட் அங்கே செல்லும். மிச்சமான லெசோத்தோப் பணம், லோத்தி நோட்டு, ஜொகனஸ்பர்க்கில் செல்லாது, அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

ஈஸ்டர் வாரத்தில் லிம்போபோ போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம். அங்கே மோரியாவில் நடக்கும் சீயோன் கிறிஸ்தவ சபையின் ஆராதனைக்குப் போகும் பேருந்துகளால் N1 நெடுஞ்சாலை நிரம்பி வழியும்.

ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று மெல்லிய சட்டையோடு வருகிறவர்கள், நிலையம் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதை மறக்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலைக் குளிர் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஸ்வெட்டரைக் கைப்பையிலேயே வையுங்கள். பிளக் அடாப்டருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நம் வீட்டில் ஏசி, கீசருக்குப் போடும் பெரிய மூன்று முனைப் பிளக்தான் அங்கே சாதாரணப் பிளக். அந்தப் பிளக் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பெட்டி இரண்டு எடுத்துப் போனால் குழு முழுவதும் செல்போன் சார்ஜ் போடலாம்.