ரங்கூன் மாணிக்கமும் இரத்தினபுரி நீலமும்: இயற்கைக் கல் எது, சிந்தெடிக் எது?

எங்கள் வீட்டுப் பீரோவில் இரண்டு மோதிரங்கள் இருக்கின்றன. ஒன்று, 1930களில் தாத்தா ரங்கூனிலிருந்து வரும்போது பாட்டிக்கு வாங்கி வந்தது. ரத்தச் சிவப்பு, உள்ளே ஒரு தூசி கிடையாது, கல்யாண வீட்டில் பாட்டி கையை நீட்டினால் நாலு பேராவது கேட்பார்கள். இன்னொன்று சித்தப்பா இலங்கையில் இருக்கும் இரத்தினபுரிக்குப் போனபோது வாங்கிய நீலம். வெளிறின நிறம், ஓர் ஓரத்தில் பால் சிந்தின மாதிரி மங்கல். "நல்லா ஏமாத்திட்டாங்க சித்தப்பா" என்று சொன்னவனே நான்தான். அப்புறம் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சின்ன லென்ஸ் ஒன்று வாங்கி இரண்டையும் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தாத்தாவின் கல் சிந்தெடிக், சித்தப்பாவின் கல் மண்ணிலிருந்து வந்த அசல். சித்தப்பா இன்னும் என்னை விடவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிந்தெடிக் என்றால் கண்ணாடி இல்லை. சிவப்புக் கண்ணாடியை மாணிக்கம் என்று விற்றால் அது போலி. சிந்தெடிக் மாணிக்கமோ நிஜமான குருந்தம்தான்: அதே அலுமினியம் ஆக்சைடு, சிவப்புக்கு அதே குரோமியம், மோஸ் அளவில் அதே 9 கடினம், அதே 4 ஒப்படர்த்தி. ஒன்று பூமிக்குள் வளர்ந்தது, இன்னொன்று உலையில் வளர்ந்தது, அவ்வளவுதான். அதனால்தான் வீட்டுச் சோதனைகள் எதுவும் உதவாது. கண்ணாடியில் கீறிப் பார்த்தால் இரண்டும் கீறும். மூச்சுக் காற்றை ஊதினால் இரண்டிலும் ஆவி ஒரே மாதிரி மறையும். நீலத்தைப் பாலில் போட்டால் பால் நீலமாகும் என்பார்களே, பாலுக்குள் நீல நிறத்தில் எதைப் போட்டாலும் கொஞ்சம் நீலம் அடிக்கத்தான் செய்யும். பாலைக் குடித்துவிடுங்கள்.

வித்தியாசம் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் 1902இல் வெளியிட்ட முறையில், அலுமினியம் ஆக்சைடு பொடியை ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடர் வழியாகக் கொட்டுகிறார்கள். 2,000 டிகிரிக்கு மேலான சூட்டில் உருகின பொடி, கீழே சுற்றிக்கொண்டிருக்கும் தண்டின் மேல் துளித்துளியாக விழுந்து, சில மணி நேரத்தில் விரல் மாதிரி ஒரு கட்டியாக நிற்கும். அதன் மேல்முனை எப்போதும் குவிந்தே இருப்பதால் ஒவ்வொரு அடுக்கும் வளைவாகவே படிகிறது. பட்டை தீட்டின பிறகும் அந்த வளைவு கல்லுக்குள் தங்கிவிடும், ஒரே கையிழுப்பில் போட்ட கோலக் கோடு மாதிரி, மெலிசாக, வரிசை வரிசையாக. இயற்கைக் கல்லுக்கு அந்த அவசரம் இல்லை. அது படிகத்தின் தட்டை முகங்களில் படிந்து படிந்து வளர்வதால் நிறப் பட்டைகள் நேர்கோடாகப் போய், தேன்கூட்டு அறையின் மூலை மாதிரி 120 டிகிரியில் திரும்பும். கோடு வளைந்தால் உலை, நேராகப் போய் முட்டித் திரும்பினால் பூமி. இதை ஒன்றை ஞாபகம் வைத்தாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

சரி, பார்ப்பது எப்படி? ஒரே கோணத்தில் முறைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு, கல்லை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் கோடுகள் சட்டென்று எழுந்து வரும், அடுத்த நொடி மறைந்துவிடும். தாத்தாவின் மாணிக்கத்தில் எனக்கு முதல் நாள் அரை மணி நேரம் ஆயிற்று, கழுத்து வலிதான் மிச்சம் என்று நினைத்தபோது வளைகோடு கிடைத்தது. பக்கத்திலேயே உலைக் கல்லின் இன்னோர் அடையாளமாக இரண்டு காற்றுக் குமிழி வேறு, ஒன்று உருண்டை, இன்னொன்று தலைப்பிரட்டை மாதிரி வாலோடு. சித்தப்பாவின் நீலத்தில் அந்த மங்கலை லூப்பில் பார்த்தால் மங்கலே இல்லை, மயிரிழையை விட மெல்லிய ஊசிகள் மூன்று திசையில் பின்னிக் கிடக்கின்றன. ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள், வியாபாரிகள் சில்க் என்பார்கள். காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று பழைய ரத்தினப் பரீட்சைக்காரர்கள் குற்றப் பட்டியல் போட்டு வைத்தார்கள். இன்றைக்கு அந்த மாதிரிக் குற்றம்தான் கல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ். துளி மாசு இல்லாத பெரிய மாணிக்கம் சல்லிசாக வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஆனால் லூப்புக்கும் எல்லை உண்டு. ஃப்ளக்ஸ் என்ற உருகின ரசாயனக் கரைசலில் மாதக்கணக்கில் மெதுவாக வளர்க்கும் சிந்தெடிக் கற்களில் வளைகோடு இருக்காது, இயற்கைக் கல்லுக்குள் கைரேகை மாதிரி தெரியும் படலம் போலவே மெல்லிய திரைகள் இருக்கும், அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். அதற்கு ரத்தினம் சோதிக்கும் லேப்தான் வழி. வைரத்தில் நிலைமை இன்னும் மோசம்: வாயுவிலிருந்து வளர்த்தெடுக்கும் சிவிடி வைரமும் வைரமே என்பதால் கடையில் வைத்திருக்கும் சாதாரண டெஸ்டர் இரண்டுக்கும் ஒரே மாதிரி 'பீப்' அடிக்கும். அப்புறம் நம் ஊர் நகைகளில் குளோஸ் செட்டிங் ஒரு தலைவலி. பின்பக்கம் அடைத்துத் தாள் வைத்த கல்லுக்குள் வெளிச்சமே போகாது, ஆசாரியிடம் கழற்றச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால் உண்மையான வில்லன் சிந்தெடிக் இல்லை, ஈயக் கண்ணாடி நிரப்பின மாணிக்கம். விரிசல் விழுந்த மட்டமான இயற்கைக் கல்லில் கண்ணாடியை உருக்கி நிரப்பி 'நேச்சுரல்' என்றே விற்பார்கள். சாய்த்துப் பார்த்தால் விரிசலுக்குள் நீல மினுக்கல் அடிக்கும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரித்துப்போகும், பட்டறையில் சூடு காட்டினால் கதை முடிந்தது. இதற்குப் பதில் திருச்சியில் பட்டை தீட்டின சிந்தெடிக் கல்லைச் சிந்தெடிக் விலைக்கே வாங்கிக் கம்மலில் பதித்துக்கொள்வது எவ்வளவோ மேல், பேரப்பிள்ளை காலம் வரை அப்படியே இருக்கும்.

இயற்கைக் கல்தான் வேண்டும், பணமும் பெரிய தொகை என்றால், கடைக்காரர் தரும் 'ஒரிஜினல் ரூபி' கார்டை ஓரமாக வையுங்கள். ஒரிஜினல் என்ற சொல்லுக்கு இந்த வியாபாரத்தில் அர்த்தமே கிடையாது. கடைக்குச் சம்பந்தமில்லாத லேப் ரிப்போர்ட்டில் 'நேச்சுரல் கொரண்டம்', அதாவது இயற்கைக் குருந்தம், என்று இருக்கிறதா, நிறம் கூட்டச் சூடு பண்ணினதா இல்லையா என்ற வரி இருக்கிறதா, இந்த இரண்டைப் பாருங்கள். சூடு பண்ணின கல்லும் இயற்கைக் கல்தான், சந்தையில் பெரும்பாலான நீலமும் மாணிக்கமும் அடுப்பைப் பார்த்தவை, விலைதான் மாறும். "லேப்பில் காட்டிவிட்டு மிச்சப் பணம் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு ஒரு கடையில் அதைக் கேட்டதும் வந்துகொண்டிருந்த காபி நின்றுவிட்டது.