காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கேட்ட லேப்

போன நவம்பர் மழையில் என் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு லேப்களுக்கு அலைந்தேன். இந்த ரிவ்யூ இரண்டாவதுக்கு, மடிப்பாக்கத்தில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் சின்ன லேப். ஐந்துக்கு நாலரை.

முதல் லேபில் நடந்ததைச் சொன்னால்தான் புரியும். காய்ச்சல் வந்து இரண்டாம் நாள். எதுவும் கேட்காமல் ரத்தம் எடுத்து, ஐஜிஎம், ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதங்களை மட்டும் பார்க்கும் கார்டில் சொட்டு விட்டு, கால் மணி நேரத்தில் "டெங்கு இல்லை" என்று தாளை நீட்டிவிட்டார்கள். நானும் நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐஜிஎம் நம் உடம்பு வைரஸை எதிர்த்து உண்டாக்குவது, அது ரத்தத்தில் தெரியவே பெரும்பாலும் நான்கைந்து நாள் ஆகும், இரண்டாம் நாள் நெகட்டிவை வைத்து டெங்கு இல்லை என்று சொல்லவே கூடாது. எவ்வளவு பேர் அந்தத் தாளை நம்பி வீட்டில் படுத்திருப்பார்களோ, நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மறுநாள் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதான். இந்த லேபுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தம் எடுக்கும் பெண் கேட்ட முதல் கேள்வியே, "அம்மா, காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது? காலையிலயா, ராத்திரியா?" விரல் விட்டு எண்ணி, சீட்டின் மூலையில் சிவப்பு மையில் '3' என்று எழுதி வட்டம் போட்டார். டாக்டர் சீட்டில் 'டெங்கு டெஸ்ட்' என்று மட்டும்தான் இருந்தது, அவரே டாக்டருக்குப் போன் போட்டு என்எஸ்1 எலைசா என்ற ரத்தப் பரிசோதனைதான் என்று உறுதி செய்துகொண்டார். என்எஸ்1 வைரஸின் சொந்தப் புரதம், அதனால் முதல் சில நாட்களிலேயே பிடித்துவிடலாம். மூட்டு வலி உண்டா என்றும் கேட்டார். 2006இல் என் அம்மா சிக்குன்குனியாவில் மாதக்கணக்கில் முட்டி மடக்க முடியாமல் கிடந்தது ஞாபகம் வந்தது, அதைப் பரப்புவதும் டெங்குவைப் பரப்பும் இதே ஏடிஸ் கொசுதான்.

அப்புறம் ஊதா மூடி போட்ட குப்பியில் ரத்தம் எடுத்து, குலுக்காமல், தலைகீழாக மெதுவாக எட்டுப் பத்து முறை சாய்த்தார். கட்டி தட்டினால், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களைக் குறைவாகக் காட்டுமாம். சாயங்காலமே ரிசல்ட் வந்தது, என்எஸ்1 பாசிட்டிவ்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. சரி, இனி ஊசி வேண்டாம் என்று நினைத்தேன். "காய்ச்சல் விட்ட பிறகுதாம்மா ஜாக்கிரதையா இருக்கணும், இன்னைக்கும் கூட்டிட்டு வாங்க" என்றார் அந்த லேப் பெண். அன்றைக்குப் பிளேட்லெட் 62,000தான், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 36இலிருந்து 42க்கு ஏறியிருந்தது, அதாவது ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. ரிப்போர்ட் அடித்து முடிக்கும் முன்பே டாக்டருக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். உடனே அட்மிட், இரண்டு நாள் சலைன், பிள்ளை தேறிவிட்டான்.

அரை மதிப்பெண் குறைத்தது உட்காரும் இடத்துக்காக. ஜன்னலில் கொசு வலை இல்லை, பூந்தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி இருந்தது. டெங்குக் காய்ச்சலோடு இத்தனை பேர் பகலில் உட்காரும் இடம், ஏடிஸ் கடிப்பதும் பகலில்தான், ஒருவரைக் கடித்த கொசு பத்து நாள் கழித்து அடுத்தவருக்குக் கொடுக்கும். சொன்னேன். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தேய்த்துக் கழுவுங்கள் என்றும் சொன்னேன். அடுத்த முறை போனபோது தட்டு முழுக்க மணல் போட்டிருந்தார்கள். வலை மட்டும் இன்னும் வரவில்லை.