பேப்பர் நோட்டீஸா, கூகுள் மேப்பா?

ஏசி சர்வீஸ், பிளம்பிங் மாதிரி வேலை செய்கிறவர் கையில் விளம்பரத்துக்கென்று ரெண்டாயிரம், மூவாயிரம்தான் இருக்கிறதென்றால், நான் முதலில் கூகுள் மேப் பக்கம்தான் போகச் சொல்வேன்.

அதில் உங்கள் தொழிலைப் பதிவு செய்யக் காசு கிடையாது. கடை இல்லாமல் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகிறவர்கூட முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஏரியாவுக்கு வருவோம் என்பதை மட்டும் போடலாம். தொழில் உண்மைதானா என்று சரிபார்க்க கூகுள் வீடியோ கேட்டால், டூல்ஸ், பெயர் எழுதிய வண்டி எல்லாம் தெரிகிற மாதிரி வெட்டாமல் ஒரே மூச்சில் எடுத்து அனுப்புங்கள். அப்புறம் ரிவ்யூ, அதுதான் உயிர். ஏசியில் தண்ணீர் சொட்டுவது நின்று வீட்டுக்காரர் சந்தோஷமாக இருக்கும்போதே லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டுவிட வேண்டும், நாளைக்கு என்று விட்டால் யாரும் எழுத மாட்டார்கள். தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லி மட்டும் வாங்காதீர்கள், கூகுள் அதை அனுமதிப்பதில்லை.

நோட்டீஸுக்கு அச்சுக்கூலி ஒரு பக்கம், பேப்பருக்குள் வைக்க ஏஜென்டுக்குத் தனியாக. பாதி குப்பைக்குத்தான் போகும். ஆனாலும் போனில் தேடிப் பழகாத பெரியவர்கள் நிறைய இருக்கும் தெருக்களில், வெயில் ஏறுவதற்கு முன்பு மார்ச் தொடக்கத்தில் போட்டால் அழைப்பு வரும். பத்து சேவைகளைத் திணிக்காமல் ஏசி சர்வீஸ், கட்டணம், பெரிய எழுத்தில் போன் நம்பர், இவ்வளவு போதும். ஊர் முழுக்க வேண்டாம், ஏற்கெனவே நீங்கள் வேலை செய்த தெருக்களுக்கு மட்டும் போடுங்கள்.