1971 டாப்ஸ் கார்டு வாங்கும் முன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் ஒரு கார்டு ஷோவில், அதாவது பழைய கார்டுகளை வாங்கி விற்கும் சந்தையில், 185 டாலர் கொடுத்து ஏமாந்தேன். ஆட்டக்காரர் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் கார்டுகளைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பவர்கள் யாருக்கும் இது நடக்கலாம். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இதற்காக நான் ஒதுக்குவது மாதம் 40 டாலர். அதற்குள் டாப்ஸ் நிறுவனம் 1971இல் வெளியிட்ட செட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 752 கார்டுகள். அதிகம் பெயர் வாங்காத ஆட்டக்காரர்களின் கார்டுகள் பல ஒன்றிரண்டு டாலருக்கே கிடைத்துவிடும். நான் மாதக்கணக்கில் மிச்சம்பிடித்தது 630ஆம் எண்ணுக்காக, ராபர்டோ கிளெமென்டே கார்டு. பிட்ஸ்பர்க்கில் குடியிருப்பதால் அவர் பெயர் தாங்கிய பாலத்தில் அடிக்கடி நடக்கிறேன். 18 சீசன்களும் எங்கள் ஊர் பேஸ்பால் அணியான பைரேட்ஸுக்கே ஆடியவர். நிகராகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் 1972 டிசம்பர் 31 அன்று விழுந்ததில் இறந்துபோனார். 1957 முதல் 1969 வரை டாப்ஸ் அவர் கார்டில் ராபர்டோவை ஆங்கிலப்படுத்தி ‘பாப்’ என்று அச்சிட்டது. அப்படி அழைப்பது அவருக்குப் பிடிக்காது. 1971 கார்டில் ராபர்டோ என்று அவர் பெயர் சரியாக இருக்கிறது. எனக்கு அது முக்கியம்.

அந்த வருடத்துக் கார்டுகளுக்கு முகப்பைச் சுற்றிக் கறுப்பு பார்டர். கொஞ்சம் உரசினாலே மை உதிர்ந்து அடியிலுள்ள அட்டை வெளுப்பாகத் தெரியும். பையன்களின் சட்டைப்பையிலும் ஷூ பெட்டியிலும் கிடந்து வந்த கார்டுக்கு நான்கு மூலையும் கருகருவென்று இருப்பது அபூர்வம். அப்படி இருந்தால் விலையும் எங்கோ போய்விடும்.

நான் பார்த்த கார்டு அப்படித்தான் இருந்தது. தடித்த பிளாஸ்டிக் உறைக்குள், மேலே ஸ்டிக்கர் ஒட்டி மூடியிருந்தார்கள். வெளியே எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். “மூலை கெட்டுவிடும்” என்றார் வியாபாரி. நியாயமாகத்தான் பட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் 15 டாலர் குறைப்பதாகச் சொன்னார். கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்து, மேசை விளக்கடியில் கார்டைப் பக்கவாட்டில் திருப்பினேன். அட்டையின் தடிமனிலும் கறுப்பு! மை முகப்பில் மட்டும்தான் அச்சாகும், வெட்டிய பக்கத்தில் அட்டையின் சொந்த நிறம்தான் தெரிய வேண்டும். என்னிடமிருந்த மற்ற 1971 கார்டுகளை எடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் வெளிறிய விளிம்புதான். பூதக்கண்ணாடியில் மார்க்கர் பேனாவின் கோடு நன்றாகவே தெரிந்தது. யூவி டார்ச்சை அடித்தபோது மூலைகள் மட்டும் வேறு சாயலில் நின்றன.

அடுத்த ஷோவில் அதே ஆளிடம் போனேன். “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

வெளுத்த மூலையில் மை பூசி விற்கும் இந்த வேலை பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் தலையில்தான் விடியும் என்று நினைக்கிறேன். ஆயிரக்கணக்கில் விலைபோகும் கார்டு என்றால் பிஎஸ்ஏ மாதிரி தரம் பார்க்கும் நிறுவனத்துக்குப் போய்வரும். நிறம் பூசியது தெரிந்தால் அங்கே மதிப்பெண் கிடைக்காது. நூறு, இருநூறு டாலர் கார்டுக்கு அந்தக் கட்டணமே பாரம். அதனால் யாரும் அனுப்புவதில்லை.

உறையிலிருந்து எடுத்துக் காட்ட மறுக்கும் ஆளிடம் வாங்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பையில் அதே செட்டைச் சேர்ந்த ஒரு டாலர் கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு, விளிம்பின் நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் தேய்ந்த ஓரத்தை மறைக்க நறுக்கியிருப்பதும் பிடிபடலாம், அசல் அளவு 2½ × 3½ அங்குலம். அப்புறம், ரசீதில் ‘நிறம் பூசியிருந்தால் திரும்பப் பெறுவேன்’ என்று எழுதி வாங்குங்கள். ரொக்கத் தள்ளுபடிக்கு மயங்காதீர்கள்.

மூலை வெளுத்த கிளெமென்டே ஒன்று பிறகு 55 டாலருக்குக் கிடைத்தது. ஆல்பத்தில் இப்போது இருப்பது அதுதான். பூசிய கார்டை விற்கப்போவதில்லை. நாளைக்கு யார் கைக்குப் போனாலும் தெரியட்டும் என்று, உறையின் மேல் ‘மார்க்கர் பூசியது’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.