எரிகா பாடுவா, லோரின் ஹில்லா? முதல் அல்பங்கள் இரண்டு

சோல் என்கிற, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உணர்ச்சி பொங்கும் பாட்டு வகையை முதல்முறை கேட்கப்போகிற ஒருவருக்கு எதைக் கொடுப்பது? அமெரிக்கப் பாடகி எரிகா பாடுவின் ‘பாடுயிசம்’ 1997இல் வந்தது. இன்னொரு அமெரிக்கப் பாடகி லோரின் ஹில் தனியாகச் செய்த முதல் அல்பம் ‘த மிஸ்எடியுகேஷன் ஒஃப் லோரின் ஹில்’ 1998இல். இரண்டுமே பல இசை வகைகளின் கலவைதான்.

எரிகா பாடு, சோலுக்குள் ஜாஸைக் கரைக்கிறார். ஒரு பாட்டுக்கு ஜாஸ் மேதை ரொன் கார்ட்டரே பேஸ் என்கிற தாழ்சுருதித் தந்தி வாத்தியம் வாசிக்கிறார். குரல் அவசரப்படுவதே இல்லை. பொழுதுசாயும் நேரம் திருகோணமலை உட்துறைமுக வீதியில் காதில் மாட்டிக்கொண்டு நடந்தால், வள்ளங்கள் ஆடுகிற தாளத்திலேயே பாட்டும் போகும்.

ஹில்லுடையது வேறு மாதிரி. அல்பத்தின் தொடக்கத்தில் பள்ளிக்கூட மணி அடிக்கிறது. ஆசிரியர் இடாப்புக் கூப்பிடுகிறார். லோரின் ஹில் என்ற பெயருக்கு மட்டும் பதில் இல்லை. அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கும். அப்புறம் ராப், ஜமெய்க்காவின் ரெகே, சோல் எல்லாம் ஒரே குரலில் வருகின்றன. சில பகுதிகள் அந்த ஜமெய்க்காவின் கிங்ஸ்டனிலேயே பதிவானவை. மகனுக்காகப் பாடிய பாட்டில் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவின் கிட்டார். 1999இல் 5 கிராமி இசை விருதுகள். பாடுவுக்கும் கிராமி கிடைத்தது.

சரி, ஒன்றுதான் என்றால் ஹில்லையே கொடுப்பேன். நிலாவெளி பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் கேட்டாலும் நிமிர்ந்து உட்கார வைக்கும். பாடுவை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.