சேலம் லீ பஜார்ல கேட்டரிங்குக்கு மொத்தமா மளிகை வாங்கறது – எங்க ஏழு வருஷ அனுபவம்

நாங்க அம்மாபேட்டை பக்கம் சின்னதா கேட்டரிங் பண்றோம். நானும் வீட்டுக்காரரும், கூட ரெண்டு மாஸ்டர், கல்யாணம் காதுகுத்து வளைகாப்புன்னு மாசத்துக்கு ஆறேழு ஆர்டர் வரும், 150 பேர்ல இருந்து 600 பேர் வரைக்கும். ஏழு வருஷமா மளிகை எல்லாம் செவ்வாய்பேட்டை லீ பஜார்லதான், நடுவுல ஒரு எட்டு மாசம் மட்டும் ஃபோன்ல ஆர்டர் போட்டா வாசல்லயே மூட்டைய இறக்கிட்டு போற ஒரு சப்ளையர்கிட்ட மாறிப் பார்த்தோம், பேரு வேணாம், அப்புறம் திரும்பி பஜாருக்கே வந்துட்டோம். புதுசா ஹோட்டல் மெஸ் ஆரம்பிக்கறவங்க நிறைய பேர் எங்க வாங்கறீங்கக்கான்னு கேக்கறாங்க, அதான் ஒரேடியா எழுதிடலாம்னு.

முதல்ல ஏன் மாறினோம்னு சொல்லிடறேன். பஜார் சந்துக்குள்ள வண்டி விடறது பெரிய பாடு. லாரி ஒரு பக்கம் இறக்கிட்டு இருக்கும், மாட்டுக்கொட்டாய் அளவு இடத்துல நாலு குட்டி யானை நிக்கும், லோடுமேன் அண்ணனுங்க தலைல மூட்டையோட வழி வழின்னு கத்திக்கிட்டே வருவாங்க, பத்து மணிக்கு மேல போனீங்கன்னா மதியம் ஆயிடும் வெளிய வர. ஏத்துக்கூலி தனி, நம்ம எடத்துல இறக்குக்கூலி தனி. அந்த சப்ளையர் ரேட்டு துவரம்பருப்புல கிலோவுக்கு ஆறு ரூவா கம்மியா காட்டுச்சு, வாசல்ல இறக்கியும் தர்றாங்க, 200 கிலோ எடுத்தா எவ்ளோ மிச்சம்னு கணக்கு போட்டோம். கணக்கு சரிதான். ஆனா ரேட்டை மட்டும்தான் போட்டிருந்தோம்.

கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு மண்டபத்துல 400 பேர் கல்யாணம், காலை டிபன் ஏழு மணிக்கு பந்தி. 3.30 மணிக்கு மாஸ்டர் 12 கிலோ பருப்பை அண்டால போட்டாரு. அஞ்சு மணிக்கு பார்த்தா பருப்பு பருப்பாவே கெடக்கு. அஞ்சரைக்கும் அப்படித்தான், விரல்ல நசுக்குனா ரெண்டா உடையுது, கரையல. சோடாமாவு கொஞ்சம் போட்டு பார்த்தோம், நிறம் மாறி ஒரு மாதிரி வாடை வந்துடுச்சு, அந்த அண்டாவையே அப்படியே ஓரம் வச்சுட்டு வீட்டுக்காரர் பைக்கை எடுத்துட்டு போயி ஒரு கடைக்காரரை தூக்கத்துல எழுப்பி 9 கிலோ பாசிப்பருப்பு வாங்கிட்டு வந்தாரு. டிபன் சாம்பாருக்கு பாசிப்பருப்பு நம்ம ஊர்ல வழக்கம்தான், அதனால சாப்பிட்டவங்க யாருக்கும் எதுவும் தெரியல. ஆனா மதியத்துக்கு சாம்பார் வேணுமே, அதுக்கும் வேற பருப்பு வாங்கி, அன்னிக்கு எங்களுக்கு கைல எதுவும் நிக்கல. நான் அன்னிக்கு மண்டபத்து பின்னாடி உக்காந்து அழுதேன், அது இன்னும் மறக்கல.

அந்த சப்ளையர்கிட்ட ஃபோன் பண்ணா, போன மாசம் குடுத்த அதே பிராண்டுதான் மேடம், அதே பைதான்ங்கறாங்க. பை அதேதான். உள்ள இருக்கறது வேற. போன தடவை வந்தது பெருசா வெளுப்பா இருந்துச்சு, இது சின்னதா அடர் மஞ்சளா.

அடுத்த நாள் அந்தப் பருப்புல ஒரு கைப்பிடிய பேப்பர்ல மடிச்சுக்கிட்டு, எட்டு மாசமா போகாத பழைய கடைக்கே போனேன். கூச்சமாத்தான் இருந்துச்சு. அந்த அண்ணா ஏம்மா இத்தன நாள் வரலன்னு ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு பருப்பை எடுத்து பல்லுல கடிச்சு பார்த்தாரு, "இது ரொம்ப நாள் குடோன்ல கெடந்த சரக்கும்மா"ன்னாரு. அப்புறம் ஒண்ணு கேட்டாரு பாருங்க, "சரி, எந்தத் தண்ணில வேக வச்சீங்க?"

எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் அது தோணவே இல்ல. வீட்ல எங்களுக்கு மேட்டூர் தண்ணி வருது, காவேரி தண்ணி, அதுல எந்தப் பருப்பும் கொஞ்சம் முன்ன பின்ன வெந்துடும். அந்த மண்டபத்துல போர் தண்ணி, வாயில வச்சாலே உப்பு கரிக்கும். தண்ணில சுண்ணாம்புச் சத்து அதிகமா இருந்தா பருப்போட மேல் பாகத்தை அது கெட்டியா புடிச்சுக்கும், பழைய பருப்பா வேற இருந்துட்டா கேக்கவே வேணாம், எவ்ளோ நேரம் எரிச்சாலும் கேஸுதான் போகும். அவர் ரெண்டு சாம்பிள் அரை அரை கிலோ கட்டிக் குடுத்து, "நீங்க எங்க சமைக்கப் போறீங்களோ அந்தத் தண்ணிய ஒரு கேன்ல புடிச்சுட்டு வந்து வேக வச்சு பாருங்க, அப்புறம் மூட்டை சொல்லுங்க"ன்னு சொன்னாரு. காசு வாங்கல. அன்னில இருந்து இன்னிக்கு வரைக்கும் புது மண்டபம்னா நாங்க முன்னாடியே போயி ஒரு கேன் தண்ணி புடிச்சுட்டு வந்துடறோம்.

இதுக்காகத்தான் நான் லீ பஜாரை சொல்றேன். ரேட்டுக்காக இல்ல. இங்க மூட்டைல அந்த இரும்பு ஊசிய குத்தி நடுவுல இருந்து சரக்கை எடுத்து உள்ளங்கைல கொட்டுவாங்க, நீங்க பார்க்கலாம், கடிக்கலாம், மோந்து பார்க்கலாம், புடிச்சிருந்தா இந்த லாட்லயே எனக்கு எட்டு மூட்டை எடுத்து வைங்கன்னு சொல்லலாம், பாதி அட்வான்ஸ் குடுத்தா எடுத்தும் வைப்பாங்க. கேட்டரிங்ல ஒரே சரக்கு திரும்பத் திரும்ப கெடைக்கறதுதான் உசுரு. மாஸ்டருக்கு கை அளவு அந்தச் சரக்குக்குத்தான் பழகியிருக்கும். மாறிப் போச்சுன்னா தண்ணி அளவு மாறும், வேகற நேரம் மாறும், கிடைக்கற அளவு மாறும்.

துவரைல என்னென்ன இருக்குன்னும் அங்கதான் கத்துக்கிட்டேன். நம்ம நாட்டு துவரை இருக்கு, பர்மால இருந்து வர்ற லெமன்ங்கற ரகம் இருக்கு, தான்சானியா மொசாம்பிக்ல இருந்து வர்றதும் இருக்கு. எல்லாம் உடைச்சு பருப்பாக்கிட்டா பார்க்க கிட்டத்தட்ட ஒண்ணு போலத்தான் தெரியும், ருசியும் வேகறதும் வேற வேற. எது தப்புன்னு இல்ல, எதை வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கணும். கேட்டா இந்தக் கடைல சொல்லிடறாங்க. எல்லாக் கடையும் அப்படி இல்ல, அதே பஜார்ல வேற ஒரு கடைல, அதையும் பேரு சொல்ல விரும்பல, எல்லாம் நாட்டுப் பருப்புதாம்மான்னு ஒரே பதில், மேல் மூட்டை ஒண்ணு, கீழ் மூட்டை ஒண்ணு. இன்னொரு எடத்துல 50 கிலோ மூட்டைய எங்க எடைல வச்சா 49.200தான் வந்துச்சு, கேட்டா சாக்கு எடையோடதான்மா கணக்குன்னாங்க. அதனால எந்தக் கடையா இருந்தாலும் முதல் தடவை அங்கயே எடை போட்டுத்தான் ஏத்தணும், சங்கடப்படாம கேளுங்க.

எண்ணெய் டின்ல நிறைய பேர் ஏமாறது இங்கதான், இதை கவனமா படிங்க. 15 லிட்டர் டின் வேற 15 கிலோ டின் வேற. எண்ணெய் தண்ணிய விட லேசு, ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் வரும், அப்போ 15 லிட்டர்னா 13.65 கிலோ. 15 கிலோன்னா பதினாறரை லிட்டர் கிட்ட. ரெண்டு டின்னும் பக்கத்துல வச்சா ஒரே உசரம்தான் தெரியும். 13 கிலோன்னு பொடி எழுத்துல போட்ட டின்னும் எங்ககிட்ட வந்திருக்கு. ரேட்டு கேக்கும்போது டின் எவ்ளோன்னு கேக்காதீங்க, கிலோ எவ்ளோன்னு கேளுங்க. மாசத்துக்கு 20 டின் எடுக்கற கடைக்கு இது சின்ன வித்தியாசம் இல்ல.

அரிசில 26 கிலோ மூட்டை ஏன்னு சிலர் கேக்கறாங்க. 2022 ஜூலை 18ல இருந்து 25 கிலோ வரைக்கும் பேக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசி பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதுக்கு மேல போனா கெடையாது, அதான் மில்லுக்காரங்க 26 கிலோவா மாத்திட்டாங்க. இதுல நமக்கு ஒரு தொல்லை, பழைய கணக்குல நாலு மூட்டை 100 கிலோன்னு மாஸ்டர் மனசுல வச்சு அண்டால தண்ணி வைப்பாரு, நாலு கிலோ கூடப் போயிடும். சாதம் தண்ணி பத்தாம அரைவேக்காடா நின்னதுக்கு ஒரு தடவை இதுதான் காரணம்னு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. பொன்னிய எப்பவும் பழைய அரிசியா கேட்டு வாங்குங்க, புது அரிசி ஒட்டிக்கும், பழசு தண்ணி நிறைய இழுத்து உதிரியா நிறைய சாதம் குடுக்கும். கிலோவுக்கு ரெண்டு மூணு ரூவா கூட இருந்தாலும் பரவால்ல.

வெல்லத்துக்கு அங்க போகாதீங்க, அதே செவ்வாய்பேட்டைல மூலப்பிள்ளையார் கோயில் கிட்ட வெல்ல மண்டி இருக்கு, அங்க போங்க. ஓமலூர் காமலாபுரம் பக்கத்து கொட்டாய்ல காய்ச்சின வெல்லம் எல்லாம் அங்கதான் ஏலத்துக்கு வருது, 30 கிலோ சிப்பம் கணக்கு. பளிச்னு மஞ்சளா இருக்கறதை எடுக்காதீங்கன்னு என் மாமியார் சொல்லுவாங்க, வெளுக்கறதுக்கு மருந்து போடறாங்க, சில பேர் வெள்ளைச் சர்க்கரைய கலந்து காய்ச்சறாங்க, உணவுப் பாதுகாப்பு அதிகாரிங்க நிறைய தடவை புடிச்சிருக்காங்க. கருப்பு கலந்த செம்மண் நிறத்துல இருக்கறதுதான் நல்லது. ஆனா பாயசத்துக்கு கருப்பு வெல்லம் போட்டா பாயசம் கருத்துருச்சேன்னு பொண்ணு வீட்டுக்காரங்க கேப்பாங்க, முன்னாடியே சொல்லிடறோம். ஒரு கிலோ எடுத்து சுடுதண்ணில கரைச்சு வடிகட்டி பாருங்க, அடில மண்ணு எவ்ளோ நிக்குதுன்னு தெரிஞ்சுடும். ஒரு சிப்பத்துல எவ்ளோ மண்ணுக்கு காசு குடுக்கறோம்னு அப்பதான் புரியும்.

ஜவ்வரிசிக்கு நாம வேற ஊரை பார்க்கவே வேணாம். ஆத்தூர் பக்கம் விளையற மரவள்ளிக் கிழங்கு, சுத்தி இருக்கற சேகோ ஃபேக்டரிங்க, 1981ல ஆரம்பிச்ச சேகோசர்வ் கூட்டுறவு சங்கம், அங்க சோதனை பண்ணித்தான் ஏலத்துக்கு விடறாங்க, 90 கிலோ மூட்டை கணக்கு. 2023ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடும் கெடைச்சுது, நம்ம ஊருக்காரியா எனக்கு ரொம்ப சந்தோஷம். நாங்க பஜார்ல சில்லறையா பத்து கிலோ அஞ்சு கிலோன்னுதான் எடுக்கறோம். பாயசத்துக்கு நைலான் ஜவ்வரிசி, வடகத்துக்கு மாவு ஜவ்வரிசி, மாத்தி வாங்கிட்டீங்கன்னா பாயசம் கூழாயிடும். பால் மாதிரி ரொம்ப வெள்ளையா மின்னறதை நான் தொடறதில்ல.

மிளகு மட்டும் பஜார்ல வாங்கறதை விட்டுட்டோம். வீட்டுக்காரரோட சித்தி குடும்பம் ஏற்காட்டுல இருக்கு, காப்பித் தோட்டத்துல சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்ட மிளகுக் கொடி, பிப்ரவரி மார்ச்ல பறிச்சு காய வைப்பாங்க, அப்ப போயி வருஷத்துக்கு 15 கிலோ மொத்தமா எடுத்துட்டு வந்துடறோம். 20 கொண்டை ஊசி ஏறி எறங்கணும், ஆனா அந்த மிளகை இடிச்சா வர்ற வாசனைக்கு ரசத்துல பாதி போட்டாலே போதும். மலைல காஞ்சது முழுசா காஞ்சிருக்காது, கீழ கொண்டு வந்து மொட்டை மாடில மூணு நாள் திரும்ப வெயில்ல போடறோம், எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும், போடாம டப்பால அடைச்சா பூசணம் புடிச்சுடும். பஜார்ல வாங்கறவங்க ஒரு கைப்பிடிய தண்ணில போட்டு பாருங்க, நல்ல மிளகு அடில போகும், பப்பாளி விதை மெதக்கும்.

லீ பஜார்ல எனக்கு இருக்கற ஒரே பெரிய குறை பில்லு. நிறைய கடைல வெள்ளை துண்டுச் சீட்டுல பென்சில்ல எழுதிக் குடுக்கறாங்க. 2022 ஜனவரில இருந்து பில்லுல எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், அதான் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர், போடணும்னு இருக்கு, நாளைக்கு நம்ம சமையல்ல ஏதாவது பிரச்சனைன்னா எங்க வாங்கினோம்னு காட்ட நம்மகிட்ட ஒரு காகிதம் வேணாமா? அந்த விஷயத்துல ஃபோன் ஆர்டர் சப்ளையர் எவ்வளவோ மேல், ஒவ்வொரு ஆர்டருக்கும் சுத்தமா பில் வந்துடும். நாங்க பருப்பு வாங்கற அந்த அண்ணா கடைலயும் ரெண்டு தடவை சொல்லித்தான் கம்ப்யூட்டர் பில் போட ஆரம்பிச்சாங்க. கேளுங்க, கேட்டாத்தான் குடுப்பாங்க. அதுக்காக அஞ்சுக்கு நாலு ஸ்டார்.

போறவங்க காலைல எட்டு எட்டரைக்குள்ள போயிடுங்க, சேலம் மார்க்கெட் ரயில்வே ஸ்டேஷன் பக்கமா வண்டிய நிறுத்திட்டு நடந்து போயி சாம்பிள் பார்த்து பேசி முடிச்சுட்டு அப்புறமா வண்டிய உள்ள விடுங்க. முகூர்த்த மாசத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே லாட் பேசி வச்சுடுங்க, முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் போனா என்ன இருக்கோ அதைத்தான் தூக்கிட்டு வரணும்.

புளி ஒண்ணுதான் எங்களுக்கு இன்னும் சரியா அமையல, தர்மபுரி புளின்னு சொல்லி குடுக்கறது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு புளிப்பா இருக்கு, கொட்டை எடுத்ததுன்னு வாங்கினாலும் கிலோவுக்கு ஒரு கைப்பிடி கொட்டையும் நாரும் வருது. மாசி பங்குனில நேரா தர்மபுரி பக்கம் போயி வருஷத்துக்கும் சேர்த்து 60, 70 கிலோ எடுக்கறவங்க யாராவது இருந்தா எப்படி வச்சுக்கறீங்க, கருத்துப் போகாம இருக்க என்ன பண்றீங்கன்னு கொஞ்சம் எழுதுங்க.